ரிவரில் ரெய்ஸ் பண்ணினால் யார் கொடுப்பார்?

ஹோல்டம் போக்கரில் ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, தரையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதல் மூன்று ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவதாக விழும் கடைசிச் சீட்டு ரிவர். அது விழுந்துவிட்டால் அப்புறம் யார் கையும் மாறாது. ஃப்ளாப்பிலும் டர்னிலும் ரெய்ஸ் பண்ணுவதற்கு (எதிராளி வைத்ததற்கு மேலே ஏற்றுவதற்கு) நாலு காரணம் சொல்லலாம்: எதிராளி ஏதோ ஒரு சீட்டுக்குக் காத்திருக்கிறார், அவரைச் சும்மா பார்க்க விடக்கூடாது, பாட்டை (நடுவில் சேரும் சிப்ஸை) பெருக்கி வைக்க வேண்டும், இந்த மாதிரி. ரிவருக்கு வந்துவிட்டால் மிச்சம் இருப்பது இரண்டுதான். ஒன்று, நம்மைவிடச் சின்னக் கை கால் பண்ண (அதே அளவு போட்டுத் தொடர) வேண்டும். இல்லையென்றால் நம்மைவிடப் பெரிய கை ஃபோல்ட் ஆக (சீட்டைக் கீழே வைத்துவிட) வேண்டும். இந்த இரண்டும் நடக்க வழியில்லாத இடத்தில் போடுகிற ரெய்ஸ் வீண். முதல் காரணத்துக்குப் பெயர்தான் வேல்யூ ரெய்ஸ், நான் இங்கே எழுதப்போவது அதைப் பற்றி மட்டும்.

எங்கள் ஆட்டம் மதுரை வில்லாபுரத்தில் ஒரு மொட்டை மாடியில். பணம் வைப்பதில்லை. புளியங்கொட்டைதான் சிப்ஸ், ஆளுக்குச் சமமாக எண்ணிக் கொடுத்து, முடிவில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். அந்த நோட்டில் பெயர் மேலே ஏற வேண்டும் என்பதற்காகவே எல்லோரும் ஒழுங்காக ஆடுகிறார்கள், சும்மாதானே என்று யாரும் கொட்டையை அள்ளி வீசுவதில்லை. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை ராத்திரி ஊரே தூங்காது, அன்றைக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்களும் வந்து உட்கார்ந்தால் ஆட்டம் விடியும்வரை போகும்.

மேஜையில் இரண்டு வகை ஆட்கள். ஒரு பக்கம் ரம்மியில் ஊறிப்போன பெரியவர்கள். கையில் உருப்படியாக ஒன்றும் இல்லாமல் ரிவரில் பெட் வைக்கவே மாட்டார்கள். இன்னொரு பக்கம் போனில் காசு கட்டி ஆடிப் பழகிய பையன்கள், 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் வந்த பிறகு மாடியேறி வந்தவர்கள். இவர்கள் கையில் ஒன்றும் இல்லாமலே இருப்பதுபோல் பெட் வைத்து பிளஃபும் அடிப்பார்கள், சந்தேகம் வந்தால் எதையும் கால் பண்ணிப் பார்த்துவிடுவார்கள். ஒரே கையை இந்த இரண்டு பேருக்கும் எதிரே ஒரே மாதிரி ஆடக்கூடாது.

சரி, ஒரு கையை எடுத்துக்கொள்வோம். தரையில் இஸ்பேட் ராஜா, டைமண்ட் 8, கிளாவர் 4, டர்னில் ஆர்ட்டின் ஜாக்கி, ரிவரில் டைமண்ட் 2. ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) கிடையாது, ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையாக ஐந்து) யாருக்கும் அமைய முடியாது. பாட்டில் 100 கொட்டை. எதிராளி 60 வைக்கிறார். பேச வேண்டியது நான் மட்டும். கால் பண்ணலாம், அல்லது 180 என்று ரெய்ஸ் பண்ணலாம்.

என் கையில் இரண்டு 8 என்று வையுங்கள், அதாவது மூன்று 8 செட். என்னை அடிக்கிற கை இரண்டே: கையில் ஜோடி ராஜா, ஜோடி ஜாக்கி. தரையில் ஒரு ராஜா கிடப்பதால் மீதி மூன்று ராஜாவில் ஜோடி மூன்று விதமாகத்தான் அமையும், ஜாக்கியும் அப்படியே மூன்று. மொத்தம் 6. இனி, நான் ரெய்ஸ் பண்ணியும் போகாமல் கால் பண்ணுகிற சின்னக் கைகள்: ராஜா-ஜாக்கி 9 விதம், ஜோடி 4 மூன்று, ஜோடி 2 மூன்று, ராஜா-8 மூன்று. மொத்தம் 18. ஏஸ்-ராஜாவும் ராஜா-ராணியும் முழுசாக ஃபோல்ட் ஆனாலும் பரவாயில்லை, 24 தடவை கால் வந்தால் 18 தடவை நான் ஜெயிக்கிறேன். ரெய்ஸில் நான் கூடுதலாக வைப்பது 120, கால் வரும் ஒவ்வொரு தடவைக்கும் சராசரியாக 60 கொட்டை லாபம். இங்கே சும்மா கால் பண்ணுவது அந்த 60-ஐ எதிராளியிடமே விட்டுவிட்டு வருவது.

இதே தரை, இதே 60. ஆனால் என் கையில் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் ராஜாவும். பார்க்க எவ்வளவு அழகான கை, பெரிய ஜோடி, பக்கத்தில் ஏஸ். நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இதை வைத்து ரெய்ஸ் பண்ணுவார்கள். எண்ணிப் பாருங்கள். எனக்கு மேலே இருப்பவற்றில் முக்கியமானவை ஜோடி ராஜா 1, ஜாக்கி 3, 8-ல் 3, 4-ல் 3, 2-ல் 3, ராஜா-ஜாக்கி 6, ராஜா-8 ஆறு. ஆக 25. எனக்குக் கீழே இருந்துகொண்டு ரெய்ஸையும் கால் பண்ணக்கூடியவை ராஜா-ராணி 8, ராஜா-10 எட்டு. ஆக 16, அதுவும் ஒருத்தர்கூடப் பயந்து போகாமல் இருந்தால். கால் வரும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 26 கொட்டை போகும். அந்த 16-ல் பாதி ஃபோல்ட் ஆனால் நஷ்டம் 60-ஐத் தாண்டிவிடும்.

"ஆனா அவன் பிளஃப்கூட அடிச்சிருக்கலாமே?" என்று கேட்பார்கள். அடித்திருக்கலாம். ராணி-10, 10-9 இரண்டும் டர்ன்வரை ஸ்ட்ரெய்ட்டுக்குக் காத்திருந்து ரிவரில் ஏமாந்த கைகள், போனில் பழகிய பையன்கள் அதை வைத்து 60 வீசுவார்கள். அதனால்தான் ஏஸ்-ராஜா கட்டாயம் கால். 220 ஆகிற பாட்டில் நான் போடுவது 60, 27 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஜெயித்தாலே போதும். ஆனால் அந்த பிளஃப் எல்லாம் நான் ரெய்ஸ் பண்ணின நிமிஷம் ஃபோல்ட் ஆகிவிடும். அவற்றிடமிருந்து ரெய்ஸுக்கு ஒரு கொட்டைகூட வராது. கால் பண்ணலாமா என்று பார்க்கும்போது அவர் பெட் வைத்த எல்லாக் கைகளையும் எண்ண வேண்டும். ரெய்ஸ் பண்ணலாமா என்று பார்க்கும்போது அந்த ரெய்ஸைக் கால் பண்ணுகிற கைகளை மட்டும் எண்ண வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல ஆட்டக்காரர்கள்கூட ரிவரில் கொட்டையை விடுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்படி எண்ணுவது பெரிய வித்தையெல்லாம் இல்லை. ரம்மியில் நமக்கு வேண்டிய சீட்டு இரண்டு ஏற்கனவே கீழே போய்விட்டால் அந்த செட்டுக்குக் காத்திருக்கக் கூடாது என்று பத்து வயசுப் பையனுக்கும் தெரியும். இங்கேயும் அதேதான். என் கையில் ஒரு ராஜா வந்துவிட்டதால் எதிராளியிடம் ராஜா-ராணி 12 விதமாக இருந்தது 8 ஆகக் குறைந்தது. எனக்குக் கொடுக்க வேண்டிய கைகளையே நான் பிடித்து வைத்திருக்கிறேன். ஜோடி 8 வைத்திருக்கும்போது ராஜா எல்லாம் வெளியே சுதந்திரமாக இருக்கிறது.

ரெய்ஸ் எவ்வளவு? இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கணக்கு உண்டு. அதே மூன்று 8. 180-க்கு ஏற்றினால் ஏஸ்-ராஜா, ராஜா-ராணி 24-ல் பாதி, அதாவது 12 கை கால் பண்ணுகிறது என்று வைப்போம். ஜெயிப்பது 30, தோற்பது 6, வித்தியாசம் 24, தலா 120, மொத்தம் 2880. 300-க்கு ஏற்றினால் அந்த ஒற்றை ஜோடிக் கைகள் எல்லாம் போய்விடும், பழைய 18-க்கு 6 மட்டும். வித்தியாசம் 12, தலா 240. அதுவும் 2880! ஆக எதிரே இருக்கிற ஆள்தான் முடிவு செய்கிறார். ஏஸ்-ராஜாவைக் கீழே வைக்க மனசு வராதவர் என்றால் சின்ன ரெய்ஸ். ஒற்றை ஜோடியைச் சட்டென்று விட்டுவிட்டு, இரண்டு ஜோடி வந்தால் எதற்கும் அசையாதவர் என்றால் பெரிய ரெய்ஸ். எங்கள் பையன்கள் முதல் வகை, பெரியவர்கள் இரண்டாம் வகை.

என் தாய்மாமா எதிர்க்கட்சி. "ஜெயிச்ச கைய எதுக்கு மாப்ள இன்னும் கிளறுற, வர்றத வாங்கிட்டு அடுத்த சீட்டப் போடு" என்பார். "மாமா, ஜெயிச்சுட்டோம்னா அப்பதானே கேட்கணும்" என்று நானும் விடமாட்டேன். அவர் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் ரெய்ஸ் பண்ணினால் எதிராளி மறுபடி ஏற்றலாம், கால் பண்ணியிருந்தால் அந்த வம்பே இல்லை. அதனால்தான் கால் பண்ணுகிற கைகளில் சரிபாதியை ஜெயித்தால் போதாது, பாதிக்கு நன்றாக மேலே வேண்டும். ஆனால் மூன்று 8 மாதிரி முக்காலுக்கு ஜெயிக்கிற இடத்தில் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. மாமாவே ரிவரில் ரீ-ரெய்ஸ் பண்ணினால் மூன்று 8-ஐயும் கீழே வைத்துவிடுவேன், ஜோடி ராஜாவோ ஜாக்கியோ இல்லாமல் அவர் அதைச் செய்வதில்லை. கையில் ஜோடி ராஜாவே இருந்தால் இந்தத் தரையில் அதை அடிக்க எதுவும் இல்லை, கடைசியாகப் பேசுகிறவர் அப்போது ரெய்ஸ் பண்ணியே ஆக வேண்டும்.

"அவன் கை எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் ஏத்துனேன்" என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும். ரிவரில் அதற்கு அர்த்தமே இல்லை. 60 போட்டுக் கால் பண்ணினால் அவர் கையைத் திருப்பித்தானே காட்டப்போகிறார், அதைத் தெரிந்துகொள்ள எதற்கு 180?

கை பெரிசானால் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் உள்ள இடைவெளியும் பெரிசாகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன தரையில் ரிவரில் 2-க்குப் பதில் இன்னொரு ஜாக்கி விழுந்தால் என் மூன்று 8 ஃபுல் ஹவுஸ் (மூன்றும் ஒரு ஜோடியும்) ஆகிறது. ஆனால் ராஜா-ஜாக்கி 6, ஜாக்கி-8 இரண்டு, ஜோடி ராஜா 3, ஜோடி ஜாக்கி 1 என்று, ஜாக்கி-4-ஐ விட்டுவிட்டாலும், 12 கை எனக்கு மேலே போய்விடுகிறது. கீழே இருந்து கொடுப்பவை ஏஸ்-ஜாக்கி, ராணி-ஜாக்கி, ஜாக்கி-10 தலா 8, ஜோடி 4 மூன்று, ஆக 27. 75 சதவீதம் 69 ஆகிவிட்டது. இன்னும் ரெய்ஸ்தான், ஆனால் அளவைக் கூட்டமாட்டேன்.

முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால், எங்கள் மாதிரி மேஜையில் செக் பண்ணிவிட்டு (எதுவும் வைக்காமல் விட்டுவிட்டு) அப்புறம் ஏற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரியவர்கள் சந்தோஷமாகத் திருப்பி செக் பண்ணிச் சீட்டைக் காட்டிவிடுவார்கள். நாமே பெட் வைப்பது மேல்.

மூன்று பேர் இருக்கும்போது, ஒருவர் பெட் வைத்து நடுவில் இன்னொருவர் கால் பண்ணியிருந்தால், நான் இன்னும் இறுக்கமாகிவிடுவேன். நடுவில் கால் பண்ணுகிறவர் பிளஃப் இல்லை, பின்னாலும் ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்தே வருகிறார். அந்த இடத்தில் இதே தரையில் ராஜா-ஜாக்கி வைத்துக்கூட நான் கால் மட்டும்தான் பண்ணுவேன். மூன்று 8 என்றால் அப்போதும் ஏற்றுவேன். இரண்டு ராஜா-ஜாக்கியும் ஒரே நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு, இரண்டு பேருமே கொடுப்பார்கள்.