சவரக்கத்தி: ஒன்பதாவது கிழமை

இப்போதைக்கு இரண்டு கன்னமும் கழுத்தின் மேல்பாதியும் சவரக்கத்தியால்தான் வழிக்கிறேன். நாடியும் மேலுதடும் இன்னும் பழைய றேசரால். ஒன்பது கிழமைக்கு இது குறைவுதான், ஆனால் அதில் முதல் ஐந்து கிழமை பிழையான ஆளைக் குற்றம் சொல்லியே போய்விட்டது.

கத்தி அம்மப்பாவுடையது. அலுமாரியின் அடித்தட்டில் பழைய வேட்டித் துண்டில் சுற்றிக் கிடந்தது. 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கிறது. கத்திக்குப் பேர்போன அந்த ஊரின் பெயரைக் கண்டவரெல்லாம் கத்தியில் குத்தக்கூடாது என்று 1938இல் ஜேர்மனியில் சட்டமே போட்டார்கள், ஆனால் காபன் உருக்கு எங்கள் உப்புக் காற்றில் கிடந்தால் எந்தப் பெயரும் காப்பாற்றாது. வாய் முழுக்கத் துரு. 1000 இலக்கத் தீட்டுகல்லில் துருவை எடுத்து, பிறகு 4000, 8000 என்று இன்னும் நைசான கற்களுக்கு ஏறினேன். சவரக்கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத்தான் தீட்ட வேண்டும், முதுகும் வாயும் சேர்ந்து கல்லைத் தொட வேண்டும், கோணத்தை முதுகின் தடிப்பே பார்த்துக்கொள்ளும். நான் அரிவாள் தீட்டிய பழக்கத்தில் முதுகைத் தூக்கிவிட்டேன். அதைச் சரியாக்க இரண்டு பின்னேரம் போனது.

முதல் சவரம் கோழிக்கு இறகு பிடுங்கியது மாதிரி இருந்தது. கை பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு நாலு நாளைக்கு ஒரு தரம் அதே கொடுமையைச் செய்தேன். மூன்றாம் கிழமைதான், வழிக்க முன் கத்தி வாயை உரசி எடுக்கிற தோல்வாரைக் கவனித்தேன். ஜன்னல் கம்பியில் கட்டி, இழுத்துப் பிடிக்காமல் தொய்ய விட்டு, அதில் போய் உரசியிருக்கிறேன். வார் வளைந்தால் வாயின் நுனி உருண்டு மழுங்கிவிடும், எட்டாயிரம் கல்லில் பட்ட பாடெல்லாம் வீண். வாரில் முதுகு முன்னால் போக வேண்டும், திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். மாறிப் புரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு என் வாரில் மூன்று வெட்டு இருக்கிறது.

அப்புறம் ஐந்தாம் கிழமை. தாடை மூலையில் நல்ல வெட்டு, கத்தி பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்ததுதான், அவ்வளவு போதும். சீனக்காரம் தேய்த்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி வழித்த முகத்தோடு வழக்கமான சலூனுக்குப் போனேன். ஐயா இப்போது பிளேட்டைப் பாதியாக உடைத்துப் போடுகிற கத்திதான் பாவிக்கிறார், ஆனால் தொழில் பழகியது தீட்டுகிற கத்தியில். வெட்டைப் பார்த்துவிட்டு, "இடது கை என்ன செய்தது தம்பி?" என்றார். அது சும்மா இருந்தது. தோலை இழுத்துப் பிடிக்கிற வேலை அதற்கு உண்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் காதுக்குப் பக்கத்தில் மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கையை மாற்றிப் பிடிக்கச் சொன்னார். பிறகு, "கிணத்துத் தண்ணியிலயோ நுரை எடுக்கிறியள்?"

அதுதான் விஷயம். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுதான். கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடும், அதனால் நுரை வருவதுபோல் வந்து கன்னத்திலேயே காய்ந்துபோகும். றேசரில் இது பெரிதாகத் தெரியவில்லை. கத்தியில் உடனே தெரியும், காய்ந்த இடத்தில் மயிரை இழுக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் கூரையில் வழிந்த முதல் தண்ணீரை விட்டுவிட்டு இரண்டு போத்தல் பிடித்தேன். அதே சவர்க்காரம், அதே பிரஷ், ஆனால் நுரை தயிர் மாதிரி நின்றது. கத்தியை ஏறத்தாழ 30 பாகை சரித்து, மயிர் வளரும் பக்கமாக இழுத்தேன், சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு தரத்துக்கு அரைக் கோப்பை தண்ணீர் போதும்.

முடிந்ததும் கத்தியைத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசி வைக்கிறேன், இல்லாவிட்டால் இரண்டு நாளில் புள்ளி விழுகிறது. நாடிக்கு இன்னும் துணிவு வரவில்லை. அங்கே மயிர் நாலு பக்கமும் வளர்கிறது, தட்டையான இடமே இல்லை.

நேற்று அம்மா அந்தப் போத்தலில் ஒன்றை எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிட்டா. வானம் வெளித்துக் கிடக்கிறது, மிச்சம் ஒரு போத்தல்.