தெரியாத எண்

நீலகிரியில் மஞ்சூருக்கு மேலே ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ராத்திரியில் என் போன் கம்பளிக்குள் என்னோடுதான் படுத்திருக்கும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஜன்னலோரம் வைத்தால் 40 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, இருக்கும் சார்ஜைக்கூடத் தராது. உடம்புச் சூட்டில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு கவனம் முன்பு எனக்கு இருந்ததில்லை. ஒருமுறை மாதாந்திரக் கூட்டத்தில் போனைச் சைலன்டில் போட்டவள், திரும்பும் பஸ்ஸிலும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. இறங்கும்போது பார்த்தால் ஒரே எண்ணிலிருந்து ஒன்பது மிஸ்டு கால். தெரியாத எண். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில், அதாவது வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம். தேதிக்கு 2 வாரம் இருக்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. அவள் போனில் ரீசார்ஜ் முடிந்திருந்ததால் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் ஜீப் பிடித்து, ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள்.

மறுநாள் போனேன். மாமியார் கோபப்படவில்லை. "நீங்க எடுத்துருவீங்கன்னுதான் காத்திருந்தோம் நர்சம்மா" என்றார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 108 எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2008இலிருந்து ஓடுகிறது. ஆனால் "எதுன்னாலும் முதல்ல எனக்குப் போன் போடுங்க" என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தவள் நான்.

இப்போது மாற்றிச் சொல்கிறேன்: முதலில் 108, அப்புறம் நான். 108இல் போன் எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். 'மாரியம்மன் கோயில் மேடு' என்றால் அவருக்கு எந்த ஊர் என்று தெரியாது. குந்தா தாலுகா, எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் நம்பர் என்ற வரிசையில் கர்ப்பிணியையும் கணவரையும் என் எதிரிலேயே சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்த வீட்டுக்கு டவர் எங்கே கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறேன்: தண்ணித்தொட்டி மேடு, இரண்டாவது வளைவு, சில்வர் ஓக் மரத்தடி.

'அவசர அழைப்பு மட்டும்' என்று திரையில் வந்தால் பலரும் டவரே இல்லையென்று போனை வைத்துவிடுகிறார்கள். நம் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று அதற்கு அர்த்தம், பொது அவசர எண்ணான 112 அடிக்கலாம். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தாலும் 112க்குப் போகும். 2017க்குப் பிறகு வந்த போன்களில் அந்த வசதி உண்டு.

என் போனில் குறிப்பிட்ட பெயர்களுக்கு மட்டும் மணியடிக்கும்படி வைத்தால் பயனில்லை. வலி வந்தவள் யார் போனிலிருந்து கூப்பிடுவாளோ! அதனால் கூட்டங்களில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' போடும்போது, ஒரே எண் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணியடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் டவர் உயிரோடு இருக்கும்வரைதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது எங்கள் பக்கம் மரங்கள் சாய்ந்து கரண்ட் போனது. டவர் பேட்டரியும் தீர்ந்தது. என் போனில் முழு சார்ஜ், பவர் பேங்க் வேறு. ஒரு அழைப்பும் வரவில்லை. குடை நிற்காத காற்றில் நடந்தே ஒவ்வொரு லைனாகப் பார்த்து வந்தேன். இப்போது தென்மேற்குப் பருவமழை வலுத்தாலே, தேதி நெருங்கியவர்களை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். மாமியார்களோடு வாதாடித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

போன வாரம் ராத்திரி 2 மணிக்குத் தெரியாத எண். "நர்சம்மா, 108க்குச் சொல்லிட்டோம். வண்டி கிளம்பிருச்சாம். உங்களுக்கும் சொல்லிருவோம்னு..."

"இதோ வர்றேன் கண்ணு" என்று ஸ்வெட்டரைத் தேடினேன்.