முதல் வரி வரவு

திருப்பூரில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் திங்கட்கிழமை காலை பாஸ்புக் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் போடுவார்கள். வந்ததா, பிடித்தம் உண்டா என்று பார்க்கத்தான் அந்தக் கூட்டம்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு காலையில் ஓர் அம்மா மகனை இழுத்துக்கொண்டு வந்தார். பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், செக்கிங் பிரிவில் வேலை. "இவன் சம்பளத்தை உங்கள் பேங்க்தான் பிடித்துக்கொள்கிறதாம் சார். என்ன கணக்கு என்று கேட்க வந்தேன்" என்றார். பழி எங்கள் மேல் விழுந்திருந்தது. கணக்கு அவன் பெயரில் இருந்ததால், அவன் சம்மதம் இல்லாமல் அம்மாவுக்கு ஒரு வரிகூடக் காட்ட முடியாது. "காட்டலாமா தம்பி?" என்றேன். கவுண்டரில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனாவை எடுத்து, நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான். அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

பாஸ்புக்கை இயந்திரத்தில் வைத்தால் பக்கம் நிரம்பிக்கொண்டே போனது. ஐம்பது, நூறு, நூறு, இருநூறு. எல்லாம் ஓர் ஆன்லைன் ரம்மி செயலிக்கு, சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு விடிவதற்குள் போனவை. பின்னோக்கிப் புரட்டினேன். அந்தச் செயலியின் பெயர் முதன்முதலில் வந்த நாளில் நூறு ரூபாய் பற்று. மறுநாளே 1,340 ரூபாய் வரவு.

"முதல் நாளே ஜெயித்தேன் சார்" என்றான் மெல்ல.

எனக்குத் தெரிந்து பலர் கதையும் இந்த வரவு வரியில்தான் தொடங்குகிறது. பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்தப் பக்கங்களில் நான் பேராசையை அதிகம் பார்க்கவில்லை. முதல் சில வரிகளுக்குப் பிறகு இருந்ததெல்லாம் விட்டதைப் பிடிக்கும் வேலை.

யார் பழக்கினார்கள் என்று கேட்டேன். நான்கு பேர் தங்கும் அறை, ஞாயிறு விடுமுறை, ஊருக்குப் போகப் பஸ் கட்டணம் கணக்குப் பார்க்கும் நிலைமை. அறைத்தோழன் ஜெயித்த தொகையைப் போனில் காட்டியிருக்கிறான். தோற்றதை எவன் காட்டுவான்? சேர்ந்தால் போனஸ் வேறு. ரம்மியோ அவனுக்குப் புதிதில்லை. கல்யாண மண்டபத்தில் மாமன்மார் விடிய விடிய ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன். அதைச் சூதாட்டம் என்று அவன் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "கோர்ட்டே திறமை விளையாட்டு என்று சொல்லிவிட்டதே சார்" என்றான். தவறில்லை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் சொல்லித்தான் ரம்மிக்கும் போக்கருக்கும் மாநிலச் சட்டம் போட்டிருந்த தடையை நீக்கியது. அதற்கு மேல் கிரிக்கெட் வீரர்களும் நடிகர்களும் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு அழைத்தார்கள்.

2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி நிற்கும்வரை டிக்கெட் வாங்கத் தெருவில் இறங்கி நடக்கவேண்டும். எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார், சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும். போர்வைக்குள் ஒளிரும் போனை யார் பார்ப்பது?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடைசெய்து சட்டம் இயற்றியது. வங்கிகள் அவற்றுக்குப் பணம் அனுப்பித் தரக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. அதற்குப் பிறகும் நள்ளிரவுப் பற்றுகளை அங்கங்கே பார்க்கிறேன். செயலியின் பெயர் இருந்த இடத்தில் ஏதோ முன்பின் தெரியாத மளிகைக் கடையின் பெயர் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எந்தக் கடையில் பருப்பு விற்கிறார்கள்?

அன்று அந்த அம்மா கிளம்பும்போது திரும்பி வந்து, "இனிமேல் பேங்க் பிடிக்காதுதானே சார்?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். பேனா இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"அவனையே கேளுங்கள் அம்மா" என்றேன்.