இரவு ஒன்பது மணிக்கு எவ்வளவு வருகிறது?

வீட்டு இணைய இணைப்பை மாற்றலாம் என்று முடிவானதும் முதலில் போய் நிற்க வேண்டிய இடம், மாடிப்படிக்குக் கீழேயோ மின்மீட்டர்களுக்குப் பக்கத்திலோ இணைய நிறுவனங்கள் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிகள். நகரம் முழுக்கப் பத்து நிறுவனங்கள் இருக்கலாம். நம் வாசலுக்கு வருவது பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான். நிறுவனத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் ‘உங்கள் பகுதியில் சேவை உண்டு’ என்று வரும். அது பகுதிக்கான பதில், வீட்டுக்கான பதில் இல்லை. பெட்டியில் போர்ட், அதாவது கம்பியைச் சொருகும் இடம், காலியாக இல்லாவிட்டால் புதுப் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். முன்பணம் கட்டிய பிறகு இதைக் கேள்விப்படுபவர்கள் நிறையப் பேர். அதனால் பணம் கட்டும் முன்பே அந்த நிறுவனத்தின் லைன்மேனை ஒருமுறை வரச்சொல்லி, பெட்டியைத் திறந்து, போர்ட் இருக்கிறதா, அங்கிருந்து வீட்டுக்கு எந்த வழியாகக் கம்பி வரும் என்று காட்டச் சொல்லிவிடுங்கள். விற்பனை ஆளிடம் ஒரு மணி நேரம் பேசிக் கிடைப்பதைவிட லைன்மேனிடம் பத்து நிமிடத்தில் அதிகம் கிடைக்கும்.

அடுத்து, வீட்டுக்குள் நுழையப்போகும் கம்பி எது என்று பார்க்க வேண்டும். ‘ஃபைபர் பிளான்’ என்று விற்கப்படும் எல்லாவற்றிலும் வீடுவரை ஃபைபர், அதாவது ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழை, வருவதில்லை. அடுக்குமாடிகளில் கட்டடம் வரைக்கும் ஃபைபர் வந்து, கீழே ஒரு ஸ்விட்ச்சில் (வரும் இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் மின்கருவி) முடிந்து, அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண லேன் கேபிள் ஏறுவது உண்டு. பக்கத்து வீட்டில் அதே நிறுவனத்தின் இணைப்பு இருந்தால் முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெல்லிய வயர், பச்சை நிறச் சதுர முனை என்றால் பெரும்பாலும் நேரடி ஃபைபர். எட்டு பின் கொண்ட ஆர்ஜே-45 முனை சுவரிலிருந்து வந்தால் கட்டடம் வரைதான் ஃபைபர். திருகிப் பூட்டும் உருண்டை முனை, கேபிள் டிவி வழி. சின்ன டெலிபோன் முனை, பழைய செம்புக் கம்பி.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. மின்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி ஃபைபரில் தெருப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். அது ஒளியைப் பிரிக்கும் கண்ணாடி மட்டுமே. வீட்டு ரூட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வைத்தால் மின்சாரம் போனாலும் இணைப்பு அறுபடாது. கட்டடத்து ஸ்விட்ச் வழி வருவதென்றால் கீழே இருக்கும் அந்த ஸ்விட்ச்சுக்கும் மின்சாரம் வேண்டும். வீட்டில் எத்தனை யுபிஎஸ் வைத்தாலும் அதற்குப் பேட்டரி இல்லையென்றால் இணைப்பு போய்விடும். கேபிள் டிவி வழியிலும் தெருவில் இருக்கும் பெருக்கிகளுக்கு மின்சாரம் தேவை. அதோடு அப்லோட் வேகம் டவுன்லோடைவிட மிகக் குறைவாகவே இருக்கும். செம்புக் கம்பியில் தூரம்தான் எல்லாம்: பெட்டியிலிருந்து 300 மீட்டருக்குள் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) கிடைப்பது ஒரு கிலோமீட்டர் தாண்டினால் பாதிக்கும் கீழே போய்விடும். மழைத்தண்ணீர் இறங்கினால் அதுவும் இருக்காது. 4ஜி, 5ஜி டவர் வழி வரும் வீட்டு இணைப்பைக் கம்பி வரவே வராத வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பி வருகிற இடத்தில் அதை முதல் இணைப்பாக நான் பரிந்துரைக்க மாட்டேன். மாலையில் டவரில் கூட்டம் ஏற ஏற வேகம் இறங்கும்.

நேரடி ஃபைபரும் தனி வழி இல்லை, பங்கு வழிதான். இன்று மிகப் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபரில் டவுன்லோடுக்கு 2.488 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் ஆயிரம் எம்பிபிஎஸ்), அப்லோடுக்கு 1.244 ஜிபிபிஎஸ். அதை 32 வீடுகளோ 64 வீடுகளோ பகிர்ந்துகொள்கின்றன. 32 வீடும் ஒரே நொடியில் முழுமூச்சாக இழுத்தால் வீட்டுக்கு 77 எம்பிபிஎஸ் வரும். அப்படி எல்லாரும் சேர்ந்து இழுப்பது நடப்பதே இல்லை என்பதால் 300 எம்பிபிஎஸ் பிளானும் நன்றாக ஓடுகிறது. நெரிசல் பெரும்பாலும் அதற்கு மேலே, அந்த நிறுவனம் வெளி உலகத்தோடு எவ்வளவு அகலமான வழியை வாங்கி வைத்திருக்கிறது என்பதில்தான். அது எந்த விளம்பரத்திலும் இருக்காது. இரவு ஒன்பது மணிக்கு அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தப்பாக அளந்து நல்ல நிறுவனத்தை விட்டவர்களும் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதே பெட்டியில் இணைப்பு வாங்கியிருக்கும் ஒரு வீட்டைப் பிடியுங்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் ரூட்டரில் லேன் கேபிளைச் சொருகி அளக்க வேண்டும். வைஃபையில் அளந்தால் அந்த வீட்டு வைஃபையைத்தான் அளக்கிறீர்கள். அடுக்குமாடியில் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 40, 50 எம்பிபிஎஸ் தாண்டுவதே அபூர்வம், பிளான் எதுவாக இருந்தாலும். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை, ஞாயிறு இரவு இன்னொருமுறை. காலையில் 200 வந்து இரவில் 170 வந்தால் நல்ல இணைப்பு. 60-க்கு இறங்கினால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பிளான்.

ஸ்பீட் டெஸ்ட் செயலி தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல சமயம் அந்த நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளேயே இருக்கும். அதில் வரும் எண், நிறுவனத்தின் வாசல்வரை உள்ள வேகம் மட்டுமே. சர்வர் பட்டியலைத் திறந்து வேறு நிறுவனத்தின் சர்வர் ஒன்றையும், வேறு ஊரில் இருக்கும் ஒன்றையும் எடுத்து அளந்து பாருங்கள். மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நெரிசல் எங்கே என்று புரிந்துவிடும்.

முடிவு எப்போது பார்த்தாலும் 93, 94, 95 என்றே நின்றால் நிறுவனத்தைத் திட்டும் முன் கேபிளைப் பாருங்கள். அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் உச்சவரம்பு. ரூட்டரின் லேன் போர்ட் பழையதாக இருக்கும், அல்லது கேபிளின் எட்டுக் கம்பியில் நான்குதான் தொடர்பில் இருக்கும். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டி, இலவசமாகத் தந்த ரூட்டரில் 100 எம்பிபிஎஸ் போர்ட் இருப்பதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. ரூட்டரின் மாடல் எண்ணை முன்பே கேட்டு, கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைவிட முக்கியமான இன்னொரு அளவு பிங்: ஒரு சின்னத் தகவல் பொட்டலம் போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. ஒன்பது மணிக்கே கணினியில் பிங் கட்டளையை 200 முறை ஓடவிடுங்கள், முதலில் ரூட்டரின் முகவரிக்கு, பிறகு வெளியே இருக்கும் பொது சர்வர்களான 1.1.1.1 அல்லது 8.8.8.8-க்கு. ரூட்டர் வரைக்கும் ஒன்றுகூடத் தொலையாமல், வெளியே போகும்போது மட்டும் 200-இல் 4, 5 தொலைகிறது என்றால் அந்த இணைப்பில் வீடியோ அழைப்பு திக்கும், ஸ்பீட் டெஸ்ட் எவ்வளவு அழகாகக் காட்டினாலும். அடுத்து ஒரு பெரிய கோப்பை அப்லோட் செய்ய விட்டுவிட்டு அதே பிங்கைப் பாருங்கள். 15 மில்லிசெகண்ட் 40 ஆனால் பரவாயில்லை. 300, 400 ஆனால் வீட்டில் ஒருவர் படங்களை ஏற்றும்போது இன்னொருவரின் வகுப்பு நின்றுவிடும். அப்லோட் அகலமாக இருக்கும் இணைப்பில் இந்தத் தொல்லை குறைவு.

எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும் என்பதற்குக் கணக்குப் போட்டால் போதும். 4கே படம் ஒன்றுக்கு 25, ஹெச்டிக்கு 5 முதல் 8, வீடியோ அழைப்புக்கு இரு திசையிலும் 3, 4. ஒரே நேரத்தில் இரண்டு 4கே, இரண்டு அழைப்பு, நாலைந்து கைப்பேசி என்றாலும் 75-க்குள் அடங்கிவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு நிலையான 100 போதும்; இரவில் தள்ளாடும் 500-ஐவிட அது எவ்வளவோ மேல். வேகம் கூடுதலாகத் தேவைப்படுவது பெரிய கோப்புகளை இறக்குபவர்களுக்கு: 100 ஜிபி விளையாட்டு ஒன்று 100 எம்பிபிஎஸ்ஸில் 2 மணி 13 நிமிடம், 300-இல் 45 நிமிடத்துக்குள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்), 100 எம்பி இல்லை. எட்டால் வகுக்க வேண்டும். அப்லோடைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 20 ஜிபி படங்களை ஏற்ற 10 எம்பிபிஎஸ்ஸில் நாலரை மணி நேரம், 100-இல் 27 நிமிடம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசம் தினமும் தெரியும்.

‘அன்லிமிடெட்’ என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அளவு இருக்கும். 1000 ஜிபி என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். 100 எம்பிபிஎஸ்ஸில் முழு வேகத்தில் ஓடினால் அது 22 மணி நேரத்தில் தீரும். சாதாரண வீட்டுக்குப் போதும் என்றாலும், தீர்ந்த பிறகு எந்த வேகத்துக்கு இறக்குவார்கள், அந்தக் கணக்கில் அப்லோடும் சேருமா என்று கேட்டுவிடுங்கள். 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் சமாளிக்கலாம். 1 எம்பிபிஎஸ் என்றால் மாதக் கடைசியில் இணைப்பு இல்லாததற்குச் சமம்.

கட்டணத்தை மாதத்துக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். 24 மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் முதல் மாதக் கட்டணத்தை 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் 12 மாதம் மாதத்துக்கு 1 பங்கு, அதன் பிறகு ஒன்றரைப் பங்கு, இன்ஸ்டலேஷன் இலவசம்: மொத்தம் 30 பங்கு. இன்னொன்றில் எப்போதும் 1.2 பங்கு, இன்ஸ்டலேஷன் 1.2 பங்கு: அதுவும் 30. முதலாவதில் ரூட்டர் வாடகை மாதம் 0.1 சேர்ந்தால் 32.4 ஆகிவிடும், அட்டையில் மலிவாகத் தெரிந்தது விலை கூடியதாகிறது. வரி சேர்த்த தொகையா, டெபாசிட் திரும்ப வருமா, நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களின் பணம் வருமா, வீடு மாறினால் கட்டணமா என்பதையும் இதே தாளில் எழுதுங்கள். ஏற்கனவே காசு கொடுத்துப் பார்க்கும் ஓடிடி பிளானோடு வந்தால் அந்தத் தொகையைக் கழிக்கலாம். மற்றவற்றுக்குப் பூஜ்யம் போடுங்கள்.

வீட்டுக் கேமராவையோ கோப்பு சர்வரையோ வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க வேண்டியவர்கள் சிஜிநாட் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரியைப் பகிரும் முறை அது. ரூட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது நிறுவனம் அதற்குக் கொடுத்த ஐபி முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அதற்குள் இருக்கிறீர்கள். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள் அவை. பொது ஐபி தனிக் கட்டணத்தில் கிடைக்குமா, ஐபிவி6 (புதிய, நீளமான ஐபி முகவரி முறை) இருக்கிறதா என்று கேளுங்கள். படம் பார்ப்பதும் அழைப்புமே வேலை என்றால் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவையில்லை.

பழுது பார்ப்பதைச் சோதிக்க ஒரு வழி: இணைப்பு வாங்கும் முன்பே இரவு பத்து மணிக்குக் கஸ்டமர் கேரின் பழுது எண்ணைக் கூப்பிடுங்கள். மனிதக் குரல் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். விற்பனை எண் உடனே எடுக்கும், அதை வைத்து எடைபோடாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பார்கள். ‘கடைசியாக எப்போது போனது, எத்தனை மணி நேரத்தில் வந்தது?’ என்று கேட்டால் சரியான பதில் வரும். 99 சதவீதம் ஓடும் இணைப்பு கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் வருடத்தில் 87 மணி நேரம் இணைப்பு இருக்காது. 99.9 என்றால் 9 மணி நேரத்துக்குள்.

இரண்டு இணைப்பு வைக்கப் போகிறவர்கள், இரண்டும் ஒரே கம்பம், ஒரே பள்ளம் வழியாக வருகிறதா என்று லைன்மேனிடமே கேளுங்கள். பெயர் வேறாக இருந்தும் ஒரே ஃபைபரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது உண்டு. ரோடு தோண்டினால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

பொருத்த வரும் நாளில் வீட்டில் இருங்கள். ஃபைபரை மூலையில் மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள்; வளைவின் ஆரம் 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கவலையில்லை. முனையைக் கையால் அழுத்திச் சேர்க்கும் கனெக்டரைவிட இயந்திரத்தில் உருக்கி ஒட்டினால் ஒளி இழப்பு குறைவு, நாள்பட நிற்கும். கேட்டால் செய்து தருவார்கள். ரூட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ வைக்கச் சொல்லாமல் வீட்டின் நடுப்பகுதிக்கு வயரை இழுக்கச் சொல்லுங்கள். பிறகு பிரவுசரில் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) என்ற எண்ணைப் படமெடுத்து வையுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். ஆள் அங்கே இருக்கும்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துத் தகராறு வந்தால், அன்று மைனஸ் 19, இன்று மைனஸ் 26 என்று எண்ணைச் சொல்லுங்கள். ‘ரூட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்ற பதிலைத் தாண்டி நேராகக் கம்பியைப் பார்க்க ஆள் வருவார்.

புதியது இரண்டு வாரம், இரண்டு ஞாயிறு இரவுகளையும் சேர்த்து, ஓடிய பிறகே பழையதை நிறுத்துங்கள். நிறுத்தச் சொல்வதை மின்னஞ்சலில் எழுதி, டிக்கெட் எண்ணை வாங்கி, ஆட்டோ பேயை நீங்களே ரத்து செய்யுங்கள். பழைய ரூட்டரை எடுக்க வருபவரிடம் சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். டெபாசிட்டை நீங்கள் திரும்பக் கேட்கும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.