பூக்காத ஆண்டில் குறிஞ்சி ஆண்டவர் தரிசனம்

கொடைக்கானல் ஏரியிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு, குறிஞ்சி மலரும் ஆண்டில் சென்றால்தான் சிறப்பு என்று பலரும் கருதுகின்றனர். அவ்வாறு 2018-இல் மலை முழுவதும் நீலம் பூத்திருந்தபோது சென்று வணங்கும் பேறு எனக்கும் கிடைத்தது. ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் மலரும் அச்செடியை, மலரின்றி இலையும் தண்டுமாக நிற்கும் காலத்தில் காண வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் இம்முறை மலையேறினேன்.

இக்கோயிலை 1936-இல் எழுப்பியவர் லீலாவதி இராமநாதன் அம்மையார். மேலைநாட்டுக் குடும்பத்தில் பிறந்து, சைவ நெறியைத் தழுவி, இலங்கையின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை மணந்தவர். கணவர் 1930-இல் மறைந்த பின்னரும் அவ்வழியிலேயே உறுதியாக நின்றவர். எங்கோ பிறந்த ஒருவர் குறிஞ்சி நிலத்தின் தெய்வத்துக்கு அந்நிலத்திலேயே கோயில் அமைத்து, அம்மலரின் பெயராலேயே முருகன் வழங்கப்படும்படி செய்ததை எண்ணி, சந்நிதியின் முன் அம்மையாரையும் மனத்தால் வணங்கினேன். இன்று பழனி தண்டாயுதபாணி கோயிலின் உபகோயிலாக இது விளங்குகிறது. மேகம் விலகும் வேளையில் இங்கிருந்தே வடக்கே பழனியைக் காண முடியும். அன்று மேகம் விலகவில்லை. திசையை நோக்கிக் கைகூப்பினேன்.

தரிசனம் முடிந்தபின், பூம்பாறை செல்லும் வழியில் எஞ்சியிருக்கும் புல்வெளிச் சரிவு ஒன்றில் குறிஞ்சிப் புதர்களைக் கண்டேன். காற்று ஓயாத திறந்த சரிவாதலால் அவை முழங்கால் உயரத்துக்குமேல் வளரவில்லை. நீலக்குறிஞ்சி பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் வளரும் செடி. பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லும் மாறிமாறி அமைந்த இந்நிலமே அதன் பிறப்பிடம். மழை நீரைப் பஞ்சுபோல் வாங்கி வைத்து, ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுவதும் இந்நிலமே. இதன் அருமை அறியாமல், வெற்று நிலம் என்று கருதிச் சீகை எனப்படும் வாட்டில், பைன், யூகலிப்டஸ் ஆகிய அயல்நாட்டு மரங்களை நட்டதால், கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைத்தொடரில் பெரும்பரப்பிலான புல்வெளி அழிந்துவிட்டது. மரம் நடுவதெல்லாம் புண்ணியம் என்று நம்பி வளர்ந்த எனக்கு, நிழல் படர்ந்த பைன் காட்டுக்குள் ஒரு குறிஞ்சிகூட இல்லாததைக் கண்டபோது நெஞ்சு கனத்தது.

ஒரு குறிஞ்சிச் செடி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கிறது. பூத்து, விதை முதிர்ந்ததும் செடி காய்ந்து மடிகிறது. மண்ணில் விழுந்த விதைகளிலிருந்து அடுத்த தலைமுறை முளைக்கிறது. ஆகவே ஒரு சரிவில் நிற்கும் செடிகள் பெரும்பாலும் ஒரே வயதினவாகவே இருக்கும். அனைத்தும் ஒருசேரப் பூத்து அளவின்றி விதைப்பதால், பூச்சிகளும் பறவைகளும் தின்றது போகவும் விதை மிஞ்சும் என்பது அறிவியலாளர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. மலர்க்காலத்தில் தேனீக்கள் திரண்டு வந்து தேன் சேர்ப்பதைச் சங்கப் புலவர்களும் பாடியுள்ளனர். பழனி மலைத்தொடரில் வாழும் பளியர் என்னும் பழங்குடியினர் இம்மலர்ச்சியைக் கொண்டு தங்கள் வயதைக் கணக்கிட்டனர் என்பர்.

வள்ளியை மணந்தபோது முருகன் குறிஞ்சி மாலை சூடினான் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. இதனாலேயே பூக்கும் ஆண்டுகளில் அன்பர்கள் கொத்துக் கொத்தாகப் பறித்துச் செல்கின்றனர். 2018-இல் அதை நேரிலேயே கண்டேன். பறிக்கப்படும் ஒவ்வொரு கொத்தும் மண்ணுக்குச் சேர வேண்டிய விதை. அச்செடிக்கு மறுமுறை பூக்கும் வாய்ப்பும் கிடையாது. எனவே, முருகனுக்கு உகந்த இம்மலரை முருகனுக்கென்றும் பறித்தல் ஆகாது என்பதே என் துணிவு. செடியில் மலர்ந்திருக்கும்போதே அது அவனுக்குச் சாத்தப்பட்டதாகிவிடுகிறது. 2023 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இடம்பெற்றுள்ளதால், பறிப்பது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

பூண்டு விளையும் அடுக்கு வயல்கள் சூழ்ந்த பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் உள்ளது. மூலவர் திருமேனி சித்தர் போகரால், ஒன்பது நச்சுப் பொருள்களின் கலவையான நவபாஷாணத்தில் ஆக்கப்பட்டது என்பது மரபு. அருணகிரிநாதர் இங்கு வந்தபோது, அவரை அணுகிய அரக்கியைத் தடுக்க முருகன் குழந்தை வடிவெடுத்தான் என்பது தலவரலாறு. கோயில் வாசலில் வாங்கிய செவ்வரளி மாலையைச் சாத்தச் சொன்னேன். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்யுமாறு வேண்டினேன். அடுத்த மலர்ச்சி 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதுவரை அந்தச் சரிவில் தீயும் அயல் மரமும் புகாதிருக்க வேண்டும் என்பதைத் தவிர, அன்று குழந்தை வேலப்பரிடம் வேறெதையும் நான் கேட்கவில்லை.