என்ஜின் மணி 142.6-இலிருந்து 150 வரை

இந்தக் குறிப்பேட்டில் தேதிக்கு முன்னால் என்ஜின் மணியை எழுதுவது என் பழக்கம். என்ஜின் ஓடினால்தான் மணிமானி நகரும். நான் விமானத்தின் அடியில் நாள் முழுக்க மல்லாந்து கிடந்தாலும் அது அசையாது. அதனால் இந்த முறை முதல் ஆறு பக்கங்களிலும் ஒரே எண்தான் இருக்கிறது: 142.6.

விமானம் ஒருவர் மட்டும் உட்காரும் அல்ட்ராலைட், அதாவது மிக இலேசான வகை. வரைபடத்தைப் பார்த்து நானே கட்டியது. அலுமினியக் குழாய்ச் சட்டம், டாக்ரான் துணி இறக்கை, காலி எடை 125 கிலோ. இறக்கைக்கு மேலே, என் தலைக்குப் பின்னால் ரோட்டாக்ஸ் 503 என்ஜின். இரண்டு சிலிண்டர், 497 சிசி, காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். இந்தக் கடைசி விவரம் பின்னால் முக்கியமாக வரும்.

142.6

ஏழு மாதம் ஷெட்டுக்குள் நின்றதை வெளியே இழுத்தேன். பிட்டாட் குழாயின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். மூடி போடாமல் விட்டால் குளவி விடாது. எதிர்பாராதது பெட்ரோல் டேங்கின் காற்றுத்துளை. அதிலும் கடுகளவு மண். பிட்டாட் அடைத்தால் வேகம் தெரியாது, அவ்வளவுதான். காற்றின் சத்தத்தையும் கட்டுப்பாட்டு ஸ்டிக்கின் கனத்தையும் வைத்து இறங்கிவிடலாம். காற்றுத்துளை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக வருவது நிற்கும். தரையில் சோதிக்கும்போது என்ஜின் நன்றாகவே ஓடும், மேலே போன பிறகுதான் திணறும். மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த வேலைக்குப் போனேன்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்தேன். ஆயில் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால், பெட்ரோல் ஆவியாகிப்போய் ஆயில் மட்டும் பிசுபிசுவென்று ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் தங்கும். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி, பெட்ரோல் வரும் நுண்துளைகளான ஜெட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக் கழுவினேன். புதுக் கலவை 50-க்கு 1. அதாவது 20 லிட்டருக்கு 400 மில்லி ஆயில்.

142.6

துணி. டாக்ரானுக்கு எதிரி வெயில்தான். நனைந்தால் காய்ந்துவிடும், வெயில் தின்ற துணி மீளாது. மேல்பக்கம்தான் முதலில் நலியும், துணிக்கும் முன்னால் தையல் நூல் நலியும். ஊசி வைத்த ஸ்பிரிங் தராசால் மேல்துணியை ஆறு இடத்தில் அழுத்திப் பார்த்தேன், கிழியவில்லை. தையலை நகத்தால் சுரண்டியபோது வலது இறக்கை நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் தூளாக உதிர்ந்தது. அந்த இடம் மட்டும் கையால் மறுதையல். இரண்டு நாள் போயிற்று.

142.6, இன்னமும்

கட்டுப்பாட்டுக் கேபிள்கள். ஏழு புரிகள், புரிக்கு 19 இழை, மொத்தம் 133 இழைகள். ஒன்று அறுந்தால் கண்ணுக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும். பழைய பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுக்க வேண்டும். வெறுங்கையால் இழுக்கவே கூடாது, அறுந்த இழை ஊசி மாதிரி உள்ளே இறங்கும். வாலில் உள்ள திசைத் தகடான ரட்டரின் கேபிளில், கப்பி மேல் ஓடும் இடத்தில் துணி சிக்கியது. ஒரே ஓர் இழைதான். மீதி 132 இருக்கிறதே என்று மனசு சொன்னது. ஆனால் அதே கப்பியில் அதே வளைவில் தேய்ந்துகொண்டிருப்பவைதான் அந்த 132-உம். கேபிளையே மாற்றினேன்.

கேபிள் முனையில் செப்பு உறையை அழுத்துவதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கேபிளை வளையத்தைச் சுற்றி மடக்கி, உறைக்குள் விட்டு, கைக்கருவியால் மூன்று அழுத்து: முதலில் நடுவில், அடுத்து வளையத்தின் பக்கம், கடைசியாக மறுமுனை. அப்புறம் அளவுத் தகடு. அழுத்திய உறை அதன் இடுக்கில் நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் அழுத்தம் போதவில்லை. உறை முடியும் இடத்தில் கேபிள் மேல் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. நாளைக்குக் கேபிள் நழுவினால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

கேபிளில் கை வைத்த நாளில் இன்னொன்றையும் தவறாமல் செய்வேன். ஸ்டிக்கைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நீட்டி, ஒரு பக்கம் சாய்ப்பேன். கட்டைவிரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து ஐலரான், அதாவது இறக்கையின் பின்விளிம்புத் தகடு, மேலே எழ வேண்டும். ரட்டருக்கு, எந்தக் காலை மிதிக்கிறேனோ அந்தப் பக்கம் ரட்டர் திரும்ப வேண்டும். கேபிளை இடம் மாற்றிப் பூட்டிவிட்டு அப்படியே ஏறி உயிரை விட்டவர்கள் உண்டு. முட்டாள்கள் யாரும் அதைச் செய்யவில்லை, களைத்துப்போனவர்கள்தான் செய்திருக்கிறார்கள். அதனால் இந்தச் சோதனையை அன்று மாலை ஒருமுறை, மறுநாள் காலை தூங்கி எழுந்து ஒருமுறை.

142.8

வாலைத் தரையில் அடித்த முளையோடு கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து என்ஜினை ஓடவிட்டேன். முதல் சில நிமிடம் மெதுவாகத்தான். டூ ஸ்ட்ரோக்கில் குளிர்ந்த என்ஜினுக்கு ஒரேயடியாக முழு த்ராட்டில் கொடுத்தால் சிலிண்டரை விடப் பிஸ்டன் வேகமாக விரிந்து பிடித்துக்கொள்ளும்.

சூடானதும் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு ஏற்றி, இரண்டு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பத்தையும் பார்த்தேன். புரொப்பெல்லர் பக்கம் 540 டிகிரி. மறுபக்கம் 595.

இந்த என்ஜினுக்கு உச்ச வரம்பு 650. எனவே 595 தனியாகப் பார்த்தால் பயப்படும் எண் இல்லை. என் கவலையெல்லாம் நடுவில் இருந்த 55 டிகிரியைப் பற்றித்தான். போன பருவத்துக் குறிப்புகளில் இந்த வித்தியாசம் 15-ஐத் தாண்டியதே இல்லை.

143.1

முதலில் மீட்டரைச் சந்தேகித்தேன். இரண்டு உணரிகளின் ஒயரையும் இடம் மாற்றிப் பூட்டினேன். மீட்டர் பொய் சொன்னால் சூடு மறுபக்கம் தாவ வேண்டும். தாவவில்லை, அதே சிலிண்டர்தான் சூடு. அப்படியானால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது காற்று அதிகமாகப் போகிறது. மெயின் ஜெட் சுத்தம். பெட்ரோல் குழாயில் மடிப்பு இல்லை. கார்புரேட்டர் ஊசியின் உயரத்தை நிர்ணயிக்கும் கிளிப் இரண்டிலும் ஒரே பள்ளத்தில். பிளக் மட்டும் ஒன்று காப்பிப்பொடி நிறத்திலும் மற்றது வெளிறியும் இருந்தது. கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்பது உறுதி.

அப்போது நான் செய்ததை முழுதாக எழுதிவைக்கிறேன். சூடான பக்கத்தின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே போட்டு ஊசியை உயர்த்தினேன். நடு த்ராட்டிலில் பெட்ரோல் கூடியது. 5000-இல் 545-உம் 555-உம். எண்கள் அவ்வளவு அழகாக ஒத்துப்போயின. மறுநாள் காலை பறக்கலாம் என்று எழுதிக்கூட வைத்துவிட்டேன்.

அன்று மாலை, என்னை விட இருபது வருடம் அதிகமாகப் பறந்த அண்ணன் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். சந்தோஷமாக விவரத்தைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"போன வருஷம் அந்தக் கிளிப் எந்தப் பள்ளத்துல இருந்துச்சு தம்பி?"

"மத்ததுல இருக்கிற அதே பள்ளத்துலதான்ணே."

"அப்போ சூடு இருந்துச்சா?"

"இல்லண்ணே."

"அப்புறம் ஏன் இப்போ கூடுதலாப் பெட்ரோல் கேக்குது?"

என்னிடம் பதில் இல்லை. ஏழு மாதத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அதன் மேல் பெட்ரோலை ஊற்றி மூடியிருக்கிறேன். இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. யோசிக்க யோசிக்க இன்னொன்று நினைவுக்கு வந்தது. த்ராட்டிலை மூடியபோது சுற்று உடனே இறங்கவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுத்தான் இறங்கியது. குளிர் என்ஜினின் சோம்பல் என்று நினைத்து அதைக் குறிப்பில் எழுதவும் இல்லை.

143.3

சுற்று இறங்கத் தயங்கினால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது என்று பொருள். கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் இணைப்பைக் கழற்றினேன். மேலே தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கட்டைவிரலால் நன்றாக வளைத்ததும், ரப்பர் உலோகத் தகட்டோடு சேரும் ஓரத்தில், தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. பாதி வட்டத்துக்கு ஓடியிருந்தது.

அந்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கார்புரேட்டரின் முழுக் கனமும் அதிர்வும் அந்த ஒரு ரப்பரில்தான் தொங்குகின்றன. கிளிப்பை மாற்றிவிட்டுப் பறந்திருந்தால், ஏறிக்கொண்டிருக்கும்போது மீதி வட்டமும் கிழிந்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு கூடும், அதே நேரத்தில் வழவழப்பும் குறையும். பிஸ்டன் பிடிக்க அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அந்த ரப்பர்களுக்கு வயது உண்டு, வளைத்துப் பார்த்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். போன ஆண்டு வளைக்காமல் பார்த்திருக்கிறேன். இரண்டையும் மாற்றினேன், கிளிப்பைப் பழைய பள்ளத்துக்கே கொண்டுவந்தேன். 5000-இல் 540, 550. த்ராட்டிலை மூடியதும் சுற்று சட்டென்று விழுந்தது.

143.6

பறந்தேன்.

கிளம்பும் முன் உட்கார்ந்தபடியே ஒரு ஒத்திகை. என்ஜின் உயரத்தில் இருப்பதால், அது தள்ளும்போது மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். ஏறும்போது என்ஜின் நின்றால் அந்த அழுத்தம் போய் மூக்கு தானாக மேலே எழும். விமானமோ பஞ்சு, கம்பிகளும் குழாய்களும் காற்றை இழுத்துப் பிடிக்கும், இரண்டு மூன்று விநாடியில் வேகம் கரைந்துவிடும். என் விமானம் மணிக்கு 42 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும், நான் ஏறுவது 70-இல். அந்த இடைவெளி எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதனால் "நின்றால் தள்ளு, நின்றால் தள்ளு" என்று வாய்விட்டுச் சொல்லி, ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பழகிக்கொண்டேன்.

ஓடுபாதையிலேயே குட்டிக் குட்டியாகத் தாவிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகம் குறைவாக, உயரம் குறைவாக, மீதிப் பாதையும் குறைவாக இருக்கும் நிலையை வேண்டுமென்றே உண்டாக்குவது அது. முழுதாக ஏறினேன். 150 மீட்டரில் சமன் செய்து, ஓடுபாதையைச் சறுக்கி எட்டும் தூரத்திலேயே நான்கு சுற்று. விடிகாலைக் காற்று எண்ணெய் மாதிரி இருந்தது. முகத்தில் நேராக மோதும் அந்தக் காற்றுக்காகத்தான் ஏழு மாதம் காத்திருந்தேன்.

இறங்கும்போது கவனித்த ஒன்று: த்ராட்டிலைப் பாதியாக்கி மூக்கைத் தாழ்த்தியதும் இரண்டு சிலிண்டரும் 590-ஐத் தொட்டன. சரிவில் இறங்கும்போது புரொப்பெல்லருக்குச் சுமை குறையும், பெட்ரோலும் குறையும், எக்ஸாஸ்ட் சூடாகும். இரண்டும் சேர்ந்தே ஏறியதால் பயமில்லை. ஆனாலும் பாதி த்ராட்டிலில் நீளமாகச் சறுக்குவதை விட்டுவிட்டேன். இப்போது நன்றாக மூடிவிட்டு இறங்குகிறேன்.

147.3

புரொப்பெல்லரின் முன்விளிம்பில் நெல்லளவு குழி. கல்லாக இருக்கும் என்று முடிவு செய்ய மனமில்லாமல் முன்பக்கமாகத் தேடிக்கொண்டே போனேன். எக்ஸாஸ்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்றின் கொக்கி முறிந்து காணாமல் போயிருந்தது. ஸ்பிரிங் நடுவே ஓடவிட்ட கம்பி அதன் உடலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, கொக்கித் துண்டு மட்டும் தப்பித்துப் பின்னால் பறந்திருக்கிறது. பின்னாலிருந்து தள்ளும் புரொப்பெல்லர் உள்ள விமானத்தில், கழன்ற எதுவும் புரொப்பெல்லரைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றி, கம்பி கட்டி, சூடு தாங்கும் சிலிக்கான் தடவினேன். குழியை எபாக்ஸியால் நிரப்பித் தேய்த்து, அச்சில் வைத்துச் சமன் பார்த்தேன். அடைத்த பக்கம் மயிரிழை கனம். எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு கோட் வார்னிஷ்.

149.9

மாலையில் நாற்பது நிமிடம். டேங்கில் ஆறு லிட்டருக்கும் குறைவாகவே மீதி இருந்தபோது இறங்கினேன். 5000-இல் 540, 550. ஏறும்போதும் பத்து டிகிரிக்கு மேல் விலகவில்லை. கிளிப் பள்ளம், ரப்பர் மாற்றிய மணி, த்ராட்டிலை மூடினால் சுற்று இறங்க எடுக்கும் விநாடி, மூன்றையும் இப்போது அட்டையின் உட்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஓட்டத்தில் 150 ஆகும். ஒவ்வொரு 50 மணிக்கும் சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி எடுக்க வேண்டும், பிஸ்டன் வளையங்கள் பள்ளத்தில் தாராளமாக அசைகின்றனவா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். காஸ்கெட் வாங்கி வைத்தாகிவிட்டது. அண்ணன் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.