டி டிரைவ் எங்கே? லினக்ஸில் பார்ட்டிஷன் பழகிய குறிப்பு

லெப்டொப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டு முடித்ததும் தம்பி கேட்டது இதுதான்: "அக்கா, டி டிரைவ காணோமே, அழிச்சிட்டியா?" அழியவில்லை. லினக்ஸில் சி, டி என்ற எழுத்துக் கணக்கு கிடையாது, அவ்வளவுதான். எல்லா ஃபோல்டரும் ரூட் என்ற ஒரே இடத்திலிருந்து கிளைக்கும். மற்றப் பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்க்கைப் பிரித்த துண்டுகளை, அதற்குள் ஏதாவது ஒரு ஃபோல்டரில் கொண்டுவந்து பொருத்த வேண்டும். அதுதான் மவுண்ட். மின்டின் ஃபைல் மேனேஜரில் இடப் பக்கம் தெரியும் டிஸ்க் பெயரைச் சொடுக்கினாலே மவுண்ட் ஆகிவிடும். தம்பிக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

மலையகத்து ஹட்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய லெப்டொப் இது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, பக்கத்தில் மின்ட். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்கள், ஸ்கேன் செய்த பயிற்சிகள் எல்லாம் டி டிரைவில்தான் கிடந்தன. அதே லெப்டொப்பில் தம்பி விண்டோஸில் கேம் விளையாடுவான். வினாத்தாள்களை அவன் கைக்கு எட்டாத தனி இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நோக்கம்.

டிஸ்க்கை வெட்டுவதற்கு முன் அதைப் பார்க்கப் பழகினேன். டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்று அடித்தால் டிஸ்க்குகளும் அவற்றின் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். கூடவே மைனஸ் எஃப் சேர்த்தால் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை), லேபல் (நாம் வைக்கும் பெயர்), யூயூஐடி (ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) மூன்றும் தெரியும். முதல் டிஸ்க் எஸ்டிஏ, அதன் பார்ட்டிஷன்கள் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று போகும். பென் டிரைவ் செருகினால் எஸ்டிபி. புதிய லெப்டொப்களில் இருக்கும் என்விஎம்இ வகை டிஸ்க்குக்குப் பெயர் வேறு மாதிரி. 500 ஜிபி என்று ஒட்டியிருந்த டிஸ்க் 465 என்று காட்டியது. யாரும் திருடவில்லை. விற்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், கணினி 1024-ஆல் வகுக்கிறது.

பட்டியலில் சின்னச் சின்னத் துண்டுகளும் இருந்தன. 100 எம்பி ஃபேட்32 துண்டு ஒன்று, அது கணினி பூட் ஆவதற்கானது. 16 எம்பியில் ஃபைல் சிஸ்டமே இல்லாமல் ஒன்று, அது விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. வீணாகக் கிடக்கிறதே என்று இவற்றை அழிக்கக் கூடாது, பூட் துண்டு போனால் மறுநாள் விண்டோஸ் எழும்பாது. பார்ட்டிஷன்களை வெட்டி ஒட்டும் ஜிபார்டெட் என்ற கருவியில் பார்த்தாலும் அந்த 16 எம்பிக்கு ஃபைல் சிஸ்டம் எதுவும் காட்டாது, கவனம்.

டி டிரைவை மின்டில் திறந்தபோது வாசிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. காரணம் விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்காமல் தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வேறொருவர் எழுதினால் ஃபைல் சிஸ்டம் குழம்பும் என்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. அது செய்வது சரிதான். வம்படியாக மவுண்ட் பண்ணும் வழிகளும் உண்டு, நான் அந்தப் பக்கம் போகவில்லை. விண்டோஸின் பவர் செட்டிங்கில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினேன். டி டிரைவ் வழிக்கு வந்தது.

அப்புறம் வெட்டும் வேலை. டிஸ்க்கில் வரிசை இப்படி: சி, அடுத்து டி, கடைசியில் மின்ட். டியைச் சுருக்கி 80 ஜிபி எடுத்தால் அந்த வெற்றிடம் டிக்கும் மின்டுக்கும் நடுவே, அதாவது மின்டின் இடப் பக்கம் வரும். அதை மின்டுக்கே கொடுத்துவிடலாமே என்று முதலில் ஆசை. அங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. பார்ட்டிஷனின் வலப் பக்க எல்லையை நீட்டுவது சில நொடி வேலை. இடப் பக்க எல்லையை நகர்த்தினால் உள்ளே இருப்பதை எல்லாம் ஜிபார்டெட் டிஸ்க்கில் வேறிடத்துக்குத் தூக்கி எழுத வேண்டும். மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. காசல்ரீ நீர்த்தேக்கம் எங்கள் மேட்டிலிருந்து தெரியும், லக்சபான நீர்மின் நிலையமும் தூரமில்லை. நாட்டுக்கே கரண்ட் போகிற வழியில் குடியிருந்தும், காற்று கொஞ்சம் பலமாக அடித்து ஒரு மரம் லைனில் சாய்ந்தால் எங்கள் லயத்து வீடுகளில் இருட்டுத்தான். லெப்டொப் பேட்டரியோ அரை மணி நேரம்கூடத் தாங்காது. மின்டை நகர்த்தும் யோசனையைக் கைவிட்டேன்.

அதனால் வெற்றிடத்தில் புதிதாக ஒரு பார்ட்டிஷன். எல்லாவற்றையும் முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, மாசி மாதத்தில் வெயில் அடித்த ஒரு காலையில் உட்கார்ந்தேன். டியை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டிலேயே சுருக்கினேன், டியில் இருக்கும் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் அதன் சொந்தச் சரக்கு என்பதால். பிறகு மின்டில் ஜிபார்டெட். இதில் பிடித்த விஷயம், நாம் சொல்வதை உடனே செய்யாது. கீழே வரிசையாகக் குறித்து வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் டிக் குறியை அழுத்தும்வரை டிஸ்க்கைத் தொடாது. லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 தேர்ந்தெடுத்து, லேபலுக்குப் "பாடம்" என்று தமிழிலேயே கொடுத்தேன். எக்ஸ்ட்4 லேபலுக்கு 16 பைட்தான் இடம், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். பாடம் 15 பைட்டில் அடங்கிவிட்டது. வினாத்தாள் என்றால் 30 வரும்.

புதுப் பார்ட்டிஷன் தயார், ஆனால் ஒரு ஃபோல்டர்கூட உருவாக்க விடவில்லை. அதன் உரிமை ரூட்டிடம் இருக்கும். இந்த ரூட் முதலில் சொன்ன இடமல்ல, லினக்ஸின் நிர்வாகிக் கணக்கு. நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன், உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை கொடுத்து என் பெயருக்கு மாற்றியதும் சரியானது. எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். 80 ஜிபியில் அது 4 ஜிபி. சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு அது தேவை, வினாத்தாள்களுக்கு எதற்கு? டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1 சதவீதமாகக் குறைத்தேன்.

கணினி எழும்பும்போதே இது தானாக மவுண்ட் ஆக வேண்டுமென்றால் ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். அதில் எஸ்டிஏ6 என்று எழுதாமல் யூயூஐடியை எழுதினேன். டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசை மாறினால் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களும் மாறும், யூயூஐடி மாறாது. கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால், டிஸ்க் கிடைக்காத நாளில் கணினி 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். எழுதி முடித்ததும் ரீஸ்டார்ட் கொடுக்காமல் முதலில் மவுண்ட் மைனஸ் ஏ அடித்துப் பார்த்தேன். வரியில் பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.

எக்ஸ்ட்4-க்கு ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) இருக்கிறதே, கரண்ட் போனால் என்ன என்று தைரியம் வரலாம். ஜர்னல் காப்பது பெரும்பாலும் ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை. சேவ் பண்ணாத பயிற்சித்தாளை அது திருப்பித் தராது. பென் டிரைவிலும் இதே சங்கதி: நகல் முடிந்தது என்று காட்டினாலும் கொஞ்சம் இன்னும் மெமரியில் நிற்கும், இஜெக்ட் கொடுத்தால்தான் முழுதாக இறங்கும். பிள்ளைகள் சடாரென்று பிடுங்குவார்கள், சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

விண்டோஸில் அந்த 80 ஜிபி பெயரின்றி நிற்கிறது. "அத ஃபோர்மட் பண்ணிடாத" என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "அதுல கொஞ்சம் தந்தா என்ன" என்கிறான். அவனுக்கு டியில் இன்னும் இடம் இருக்கிறது. எனக்கு அடுத்த வேலை, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு வாராவாரம் ஆர்சிங்க் என்ற நகல் எடுக்கும் கருவியை வைத்து நகல் போகும்படி செய்வது.